வராத மோட்டார்

புதுக் கொள்முதல் சட்டம் திங்கட்கிழமை அமலுக்கு வருகிறது. அதற்குள் புது சாஃப்ட்வேரில் எல்லோரும் பழகிவிட வேண்டும். இல்லாவிட்டால் குடிநீர் வாரியத்தின் கொள்முதல் பிரிவையே இழுத்து மூடிவிட்டு, அங்கே இருக்கும் மூன்று பேரையும் ஆளுக்கொரு திசையில் மாற்றிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். அதுதான் வம்பே.

அந்த மூன்று பேர், அதிகாரி அம்மாள், கணக்கர், ஸ்டோர்கீப்பர். ஸ்டோர்கீப்பருக்கு ஆபீஸில் வைத்த பெயர் ‘பூட்டு’. திறந்து கிடக்கும் ஜன்னலைப் பார்த்தால்கூட அவருக்குக் கை பரபரக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சியாளர் வந்தார். சின்ன வயது, சிரித்த முகம், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காத பொறுமை. கணக்கர் தன் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தபோது, “மெதுவா சார், யாராவது கேட்டுடப்போறாங்க” என்று அக்கறையோடு தடுத்தார்.

“புதுச் சட்டத்தோட உயிரே இதுதான்” என்று விளக்கினார். “மேடம் ஆர்டர் போடணும். கணக்கர் சார் நிதி இருக்குன்னு சொல்லணும். ஸ்டோர் சார் சரக்கு வந்துடுச்சுன்னு சொல்லணும். மூணு பேரும் அழுத்தினாத்தான் பணம் போகும். திருடணும்னா மூணு பேரும் சேர்ந்துதான் திருடணும்.”

“நாங்க மூணு பேரும் ஒத்துப்போய் ஒரு டீ குடிச்சதில்ல தம்பி. இதுல எங்கேருந்து திருடறது?” என்றார் கணக்கர்.

பயிற்சி ஆரம்பமானது. கற்பனையாக ஒரு கம்பெனியைப் பயிற்சியாளரே பதிந்தார். அந்தக் கம்பெனியிடம் அவசரமாகத் தண்ணீர் மோட்டார்கள் வாங்குவதாக ஒரு ஆர்டர். அம்மாள் அழுத்தினார். கணக்கர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அழுத்தினார். இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. மூன்றாவது எரியவில்லை.

“மோட்டார் எங்கே?” என்றார் பூட்டு.

“இது பயிற்சி சார். வந்துட்டதா நினைச்சுக்குங்க.”

“நினைச்சுக்கிறேன். வந்ததும் அழுத்தறேன்.”

கணக்கர் தலையில் அடித்துக்கொண்டார். பூட்டு எழுந்து போய், வெளியே முற்றத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து, “வரலை” என்று தகவல் வேறு சொன்னார். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் ‘வந்தது’ என்று இதுவரை தான் சொன்னதில்லை, இனியும் சொல்வதாக இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். மத்தியானம் வரை கெஞ்சியும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

பயிற்சியாளர் அம்மாளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் நிறைய ஆபீஸ் பாத்துட்டேன். பழைய முறையில ஆதாயம் பாத்தவங்கதான் புது சாஃப்ட்வேர்னா இப்படி முரண்டு பிடிப்பாங்க. உங்க ஸ்டோர்ல ஏதாவது…”

அம்மாளுக்குச் சுருக்கென்றது. போன வருடம் ஸ்டோரிலிருந்து ஒரு லாரி குழாய் காணாமல் போயிருந்தது. விசாரணை நடந்தும் ஆள் அகப்படவில்லை. இந்த மனிதரா? இத்தனை பூட்டும் சாவியும் அதை மறைக்கத்தானா? இவர் ஒருவரால் தனக்கும் மாற்றல் வரப்போகிறது என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

உள்ளே போய் நேராகக் கேட்டார். “மடியில கனமில்லன்னா வழியில எதுக்கு சார் பயம்? பட்டனை அழுத்த வேண்டியதுதானே?”

பூட்டின் முகம் வெளுத்தது. “என்னையா சந்தேகப்படறீங்க? குழாய் காணாமப்போனப்போ நான் லீவுல இருந்தேன் மேடம். அந்த வயித்தெரிச்சல்லதான் அன்னியிலேருந்து எல்லாத்தையும் பூட்டிக்கிட்டுத் திரியறேன்.”

“அண்ணே, உங்களைத் திருடன்னு யாரும் சொல்லல. ஒரே ஒரு தடவை அழுத்திட்டா பேச்சே முடிஞ்சுபோயிடும்” என்றார் கணக்கர்.

பூட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினார். மூன்றாவது விளக்கும் பச்சையாக எரிந்தது. ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று திரை சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சியாளர் பூட்டின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, “ஆபீஸுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும் சார்” என்று மனதாரச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, அடுத்த ஆபீஸில் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார்.

அம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. பூட்டிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு இயக்குநரைக் கூப்பிட்டு, மூன்று பேரும் தேறிவிட்டதாகச் சொன்னார். “பிரமாதம். பிரிவு அங்கேயே இருக்கட்டும்” என்றார் இயக்குநர். அன்றைக்குத்தான் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பூட்டுக்கும் கோபம் ஆறிவிட்டது.

டீ தீரும் நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் லேப்டாப்பும் தொங்க ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“சாரி மேடம், நான்தான் சாஃப்ட்வேர் கம்பெனியோட பயிற்சியாளர். வகுப்பைத் தள்ளி வச்சாச்சுன்னு உங்க ஆபீஸ் பேரைச் சொல்லி யாரோ போன் பண்ணிட்டாங்க. இப்பதான் இயக்குநர் ஆபீஸ்ல விசாரிச்சேன், அப்படி ஒண்ணும் இல்லைன்னாங்க, ஓடி வர்றேன்” என்றவள், லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“பயிற்சிப் பக்கத்தை இனிமேதான் திறக்கணும், இப்போ உங்க கம்ப்யூட்டர்ல ஓடறது நிஜப் பக்கம் மட்டும்தான், நல்லவேளை, நீங்க யாரும் எதையும் அழுத்திப் பாக்கலையே?”