பூட்டில்லாத வைஃபை

"வேலைவெட்டி இல்லாதவனுக்கு வைஃபை ஒரு கேடா?"

சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்து ஃபிளாட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார் கத்தரி சார். லேப்டாப் ஓடிக்கொண்டிருந்ததோ அதே வைஃபையில்தான்.

"மெதுவாப் பேசுங்க, ஜன்னல் திறந்திருக்கு" என்றாள் மனைவி.

இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே இருந்தன. நடுவில் குழாய்கள் இறங்கும் சின்ன இடைவெளி. இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள்.

"அவன் காதுல என்ன விழப்போகுது? சவாரி இல்லாம வாடகைக் காருக்கு உறை போட்டு நிறுத்தியாச்சு. படத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. அவன் படம் பாத்தா என் நெட் ஆமை மாதிரி நகருது."

"உங்க நெட்டா?"

அதைக் கத்தரி சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனியில் செலவுக் கணக்குகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. யார் எந்த பில்லைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால்தான் அந்தப் பெயர். கம்பெனி நொடித்து, ஆபீஸைக் காலி செய்து, சம்பளத்தையும் குறைத்து எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, அவர் கத்தரியை வீட்டுக்குள் கொண்டுவந்தார். முதல் வெட்டு பேப்பருக்கு. அடுத்தது இன்டர்நெட்டுக்கு. செல்போனில் இருக்கிற டேட்டா போதுமாம்.

போதவில்லை. ஒரு மீட்டிங் நடுவே டேட்டா தீர்ந்துபோய், இதே ஜன்னலோரம் நின்று மேனேஜருக்கு போன் போட்டு, "நெட் போயிடுச்சு சார், வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பக்கத்து வீட்டு வைஃபையில் பூட்டுப் படத்தைக் காணோம். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டது.

"பாஸ்வேர்டு போடக்கூடத் தெரியாத மண்டு!" என்று அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உபயோகிக்கலாமே" என்று மனைவி சொல்லிப்பார்த்தாள்.

"கேட்டா பூட்டிடுவான். அவனுக்கே தெரியாததை நாம ஏன் எடுத்துக் கொடுக்கணும்? ஒண்ணு கவனிச்சியா, சாயங்கால மீட்டிங்னா மட்டும் நெட் பறக்குது. எல்லாம் என் ராசி."

வீட்டு நெட்டுக்கென்று கம்பெனி மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தது. கட்டாத நெட்டுக்கு அதையும் தவறாமல் வாங்கிக்கொண்டார். அதை அவர் சிக்கனக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

லேப்டாப் கிணுகிணுத்தது. சாயங்காலம் நடக்க வேண்டிய மீட்டிங் இப்போதே தொடங்குகிறதாம்.

அது முக்கியமான மீட்டிங். கணக்குப் பிரிவில் ஆள் குறைக்கப் போகிறார்கள். செலவைக் குறைக்க வழி காட்டுகிறவர் தப்பிப்பார், மற்றவர் வேலையில்லாமல் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். கத்தரி சாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அரைக்கால் சட்டைக்கு மேலே முழுக்கைச் சட்டையும் டையும் ஏறின. முதுகுக்குப் பின்னால் இருந்த டப்பா அலமாரியை மறைக்கத் திரையில் ஒரு நூலகப் படம் வந்தது.

"குக்கர் விசில் வரக்கூடாது. குழாயைத் திறக்காதே. மூச்சு விடறதா இருந்தா ஹால்ல போய் விடு."

மீட்டிங் தொடங்கியது. கத்தரி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், இந்த இக்கட்டான காலத்துல நேர்மைதான் முக்கியம். நம்ம கம்பெனியில சில பேரு கட்டாத நெட்டுக்கு..."

திறந்த வாய் திறந்தபடியே திரையில் உறைந்தது. நடுவில் வட்டம் சுற்றியது. எதிர் ஜன்னலிலிருந்து சண்டைக் காட்சிச் சத்தம் டமார் டமார் என்று வந்தது.

"சார்! ஹலோ! நெட் போயிடுச்சு சார்! கேக்குதா சார்?"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் பதறியது. "ஏங்க, படத்தை நிறுத்துங்க! சாருக்கு மீட்டிங் இப்பவே வச்சுட்டாங்க போல!"

சண்டை பாதியில் நின்றது. வட்டமும் நின்றது. மேனேஜர் முதல் எல்லா முகங்களும் பளிச்சென்று தெரிந்தன.

கத்தரி சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யார் எதை நிறுத்தினார்கள் என்றெல்லாம் யோசிக்க அவருக்கு நேரமில்லை. "வந்துடுச்சு சார், சொல்றேன்!"

"கட்டாத நெட்டுக்குப் பணம் வாங்குறாங்கன்னு சொல்ல வந்தீங்க. யாரு அது?" என்றார் மேனேஜர்.

"அவங்க பேரைச் சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு சார்."

எதிர் ஜன்னலில் கார் ஓட்டுநரின் தலை தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க சார்! உங்களுக்கு எப்பவும் சாயங்காலம்தானே மீட்டிங், அதான் இந்த நேரத்துல படம் போட்டுட்டேன். நெட் இல்லாம வேலை போயிடும்னு அன்னைக்கு அவ்வளவு அழுதீங்களே, மனசு கேக்கல. அதுக்காகத்தான் சார் பாஸ்வேர்டையே எடுத்துட்டேன்."

கத்தரி சார் மைக்கை அணைக்கத் தாவினார். விரல் பட்டது வேறு எதிலோ. நூலகம் மறைந்து டப்பாக்கள் தெரிந்தன.

திரையில் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பத்தான் கத்தரி சாருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப நெட் நல்லா வருதா சார்?" அக்கறையாகக் கேட்டார் ஓட்டுநர்.

ஹாலிலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள்.

"நல்லா வருதுண்ணா. இங்க எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சு."