பாதிப் போத்தில் தண்ணி

“சுவர்ணா! என்ன வேலை இது? மானம் போகுது!”

உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பந்தி முடிந்து கை கழுவப் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவர்ணா நிமிரவில்லை. யாரோ சாப்பிட்டெழும்பிய இலைக்குப் பக்கத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு போத்தில். அதைத் திறந்து, காலடியில் இருந்த பெரிய பிளாஸ்டிக் கானுக்குள் ஊற்றினாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

மானிப்பாயில் ஒரு கலியாண மண்டபம். மணப்பெண் உதயகலாவின் மகள். சுவர்ணா பெண்ணுக்குச் சொந்த மாமி, அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாய், எச்சில் இலைகளுக்கு நடுவே அவள் கானோடு நின்றால் எந்த அண்ணிக்குத்தான் கோபம் வராது?

“ஊரார் வாய் வைச்ச தண்ணி. இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீர்?”

“குடிக்கவே கொண்டு போறன், அண்ணி? மாட்டுக்கு வைக்கலாம். மிச்சத்தை மிளகாய்க் கண்டுக்கு விடலாம். ரெண்டு மிடறு குடிச்சிட்டு அப்பிடியே வைச்சிட்டுப் போகினம். பாக்க மனம் கேக்குதில்லை.”

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். “பொம்பிளை பகுதியிலை தண்ணியும் பொறுக்கினமோ?”

உதயகலாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“கேட்டீரே? மாப்பிள்ளை பகுதி ஆக்கள். மாமியின்ரை கஞ்சத்தனத்தை நாளைக்கு என்ரை பிள்ளைக்கெல்லோ சொல்லிக் காட்டுவினம்! கானை வையும்!”

சுவர்ணாவுக்குக் கண் கலங்கியது. தூக்கி வளர்த்த பிள்ளையின் கலியாணம். கானை இறுக்கி மூடினாள். ஆனால் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா கனகசபாபதி வந்து நின்றார். உதயகலா கானை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“குறை நினையாதேங்கோ அண்ணை. இவ கொஞ்சம்...”

“குறையோ? அருமையான வேலை எல்லோ!” அவர் குரலை உயர்த்தினார். “எல்லாரும் இஞ்சை வாங்கோ! வீடியோத் தம்பி, நீரும் ஓடி வாரும்!”

சனம் கூடியது. ஒரே நொடியில் உதயகலாவின் குரல் மாறிவிட்டது.

“சுவர்ணா, அண்ணையைத் தெரியுமெல்லோ? இண்டைக்கு மண்டபத்திலை குடுத்த தண்ணிப் போத்தில் எல்லாம் அண்ணையின்ரை கொம்பனியின்ரை. முழுக்க அன்பளிப்பு!”

“கொம்பனியைத் தெரியும், அண்ணி” என்றாள் சுவர்ணா.

கனகசபாபதி புதுப் போத்தில் ஒன்றைத் திறந்து தொண்டையை நனைத்தார். மிச்சத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கமெராவைப் பார்த்தார்.

“தண்ணி எண்டது பூமித்தாய் தந்த சொத்து. ஆளுக்கு ஒரு செம்பு மிச்சம் பிடிச்சால் யாழ்ப்பாணத்திலை ஒரு கிணறும் வத்தாது. பல்லுத் தீட்டேக்கை பைப்பை மூடுங்கோ. வாளியிலை அள்ளிக் குளியுங்கோ. மேடை மேடையாய் நான் இதைத்தான் சொல்லுறன், ஆர் கேக்கினம்? இந்தத் தங்கச்சி செய்து காட்டுறா!”

கைதட்டினார்கள். முதலில் சிரித்த பெண்ணும் தட்டினாள்.

“எங்கடை வீட்டு ஆக்கள் எல்லாரும் உப்பிடித்தான் அண்ணை” என்றாள் உதயகலா. பக்கத்து இலையிலிருந்த பாதிப் போத்தில் ஒன்றைத் தானும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“தங்கச்சி, வீட்டிலையும் இப்பிடித்தானோ?”

“ஓம் ஐயா. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு. உடுப்புத் தோய்ச்ச தண்ணி வாழைக்கு. ஆளுக்கு ஒரு வாளியிலைதான் குளிப்பு.”

“கேட்டியளோ? உங்கடை படத்தை எங்கடை போத்திலிலை போடவேணும்! எந்த ஊர்?”

“புத்தூர், ஐயா.”

“எட, எங்கடை பக்டரியும் புத்தூரிலைதானே! எந்தப் பக்கம்?”

“உங்கடை மதிலுக்கு அடுத்த தோட்டம். உங்கடை மோட்டர் இரவு பகலாய் இறைக்கிறது எங்கடை அறைக்குள்ளை கேக்கும்.”

“பாத்தியளோ, பக்கத்து வீட்டுக்காரர்!” கனகசபாபதி வாய் நிறையச் சிரித்தார். “தம்பி, கிட்ட வந்து எடும். தங்கச்சி, சனத்துக்கு நல்லாக் கேக்கச் சொல்லுங்கோ. இவ்வளவு மிச்சம் பிடிக்கிறியள். உங்கடை கிணத்திலை இப்ப எவ்வளவு தண்ணி நிக்கும்?”

சுவர்ணா அண்ணியைப் பார்த்தாள். மணவறையில் சிரித்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சேறுதான் நிக்குது, ஐயா. நீங்கள் குழாய்க்கிணறு அடிச்ச வருசமே எங்கடை கிணறு வத்தத் துவங்கிட்டுது.”

கமெரா மெல்லத் தாழ்ந்தது. உதயகலா கையிலிருந்த போத்திலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

“அப்ப... இந்தத் தண்ணி...” என்று கனகசபாபதி கானைக் காட்டினார்.

சுவர்ணா கானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இது எங்கடை கிணத்துத் தண்ணிதானே ஐயா. திருப்பி வீட்டை கொண்டு போறன்.”