கண்ணுக்கு வைத்த சூடு

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் இன்ஜினியர். மரியாதைக்காக வைத்ததல்ல. அவர் பழுது பார்த்த மின்விசிறி தலைகீழாகச் சுற்றியது. ரேடியோ, பாடுவதற்கு முன் தொட்டவனை ஓர் உதறு உதறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இன்ஜினியர் கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு கேமராவை வெளியே எடுத்தார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"மெதுவா பேசு. கிடங்கு வாசல்ல இருந்தது."

"கழட்டிட்டு வந்துட்டீங்களா?"

"நாளைக்கு எல்லாரும் வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

மூன்று வாரமாகக் கிடங்கில் ஒயர் சுருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கிடங்கைத் திறந்து பூட்டுகிறவர் இவர்தான். இன்னும் ஒன்று குறைந்தால் போலீஸ்தான் என்று முதலாளி இவர் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருட வேலை போவதோடு நிற்காது, ஆளே உள்ளே போக வேண்டியிருக்கும்.

ஈயம் உருக்கிப் பற்றவைக்க அவரிடம் இருந்த சால்டரிங் அயர்ன் வாளி ஓட்டை அடைக்கிற ஜாதி. முனையே கட்டைவிரல் தடிமன். கேமராவுக்குள் அவர் கைவைக்க வேண்டிய துண்டோ கடுகில் பாதி. முனையில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, நுனியை மட்டும் முன்னால் நீட்டவிட்டு, அரத்தால் ஊசியாக ராவினார்.

அவள் கம்பியையே பார்த்தாள். "இது ஏது?"

"பழைய ஃபேன்ல உரிச்சது."

"தலைகீழா சுத்துச்சே, அதுவா?"

"அதேதான்."

அவள் கொண்டை ஊசி நெளிந்து, துண்டைப் பிடிக்கும் சாமணமானது. அவளுடைய பழைய கண்ணாடி அவர் கண்ணாடிக்கு மேல் ஏறியது. பலகையில் அடித்த சைக்கிள் கம்பி ஒன்று, காக்கை மூக்குபோல வளைந்து அந்தத் துண்டை அழுத்திப் பிடித்தது.

முதல் தடவை துண்டு ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. இரண்டாவது தடவை இன்ஜினியர் தும்மினார். துண்டைக் காணவில்லை. இருவரும் மண்டி போட்டுத் தரையெல்லாம் தடவினார்கள்.

"அசையாதீங்க. மீசைல இருக்கு," என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, "நல்லதுக்குத்தான் செய்றீங்களா?" என்று கேட்டாள்.

"முடியட்டும், சொல்றேன்."

"போலீஸ் வந்தா நான் என்னன்னு சொல்றது?"

"அதைக் கேமரா பாத்துக்கும்."

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஏணி போட்டுக் கேமராவை மாட்டினார். பார்த்தவர் யாருமில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜர் அப்போதுதான் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

"யோவ் இன்ஜினியர், வாசல் கேமராவைத் தொட்டியா?"

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

"தொட்டேன் முதலாளி. ரெண்டு வருஷமா அது செத்துக் கிடந்துச்சு. மேனேஜர் அதோட படம் தெரியற டீவி மேல துண்டு காயப்போட்டதால யாருக்கும் தெரியல. கேட்டிருந்தா என்னைத் தொட விட்டிருப்பீங்களா? அதான் கொண்டு போய் உயிர் குடுத்துக் கொண்டாந்தேன். எவன் எடுக்கறான்னு அது காட்டிட்டா என் பேர் சுத்தமாயிடுமேன்னு."

"படம் நல்லாத்தான் வருது," என்று முதலாளி டீவியை இவர் பக்கம் திருப்பினார். "ஆனா கேமராவுல சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பய சுருள் பக்கம் போகல. எடுக்கறவன் உஷாராயிட்டான்."

"அப்போ அது யாரையும் காட்டலையா முதலாளி?"

"ஒரே ஒருத்தனைக் காட்டுது. நீயே பாரு."

பத்து நாள் பதிவில் திருட்டு முழி முழித்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: விடியற்காலையில் ஏணி உச்சியில், ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்த இன்ஜினியருடையது.