பிரியாணிக்குத் தோதான ஒயின்

"ஒரே ஒரு தம்ளர் குடியும்வே. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

இதைச் சொன்னபோது அப்துல் சுபஹான் எதிரே நின்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த கவுன் துணியையே தடவிக்கொண்டிருந்தார். புதியம்புத்தூரில் அவர் நடத்தும் தையல் யூனிட்டில் சாமித்துரை கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து நின்று வெட்டியதில் கால் மரத்துப் போயிருந்தது. இப்போது இது வேறு.

"அண்ணாச்சி, நான் குடிய விட்டவன். கழுகுமலை முருகன் சன்னதியில ராதாமணி தலையில கைவச்சு சத்தியம் பண்ணிருக்கேன். தெரிஞ்சுக்கிட்டே கேக்குதியளே!"

"நான் அதத் தொட முடியுமாவே? நம்ம ஆளுகள்ல ருசி தெரிஞ்சவரு நீருதான்."

"அந்த வெள்ளக்காரரு அவரு பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"தனியா குடிச்சா பொருத்தம் தெரியாதாம். மாட்டேங்காரு."

குழந்தைகள் கவுனுக்கு ஆர்டர் கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்தவர் வெர்னர். எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு எந்த ஜெர்மன் ஒயின் சேரும் என்று பார்ப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். சீனா, தாய்லாந்து எல்லாம் முடித்தாயிற்று. இப்போது நம் ஊர்ச் சாப்பாட்டின் முறை. மாதிரித் துணிகளோடு மூன்று பாட்டில்களும் பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. இந்தக் காரத்தைத் தின்றே வளர்ந்த நாக்கு ஒன்று பக்கத்தில் இருந்து ருசி சொல்ல வேண்டுமாம். 'ஒயின்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே சுபஹான் பதறிப்போய், மேற்கொண்டு எதுவும் கேட்காமல், எங்கள் மாஸ்டர் உட்காருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆர்டர் கைநழுவினால் தீபாவளிவரை மெஷின்கள் சும்மா கிடக்கும். மழையும் கைவிட்ட வருடம். கரிசலில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த வீடுகளில் எல்லாம் பெண்களின் தையல் கூலியில்தான் உலை கொதித்தது. மறுத்துப் பேசச் சாமித்துரைக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் மாடியில் துணிக்கட்டுகளை ஒதுக்கி இலை போட்டார்கள். சுபஹான் வீட்டு மட்டன் பிரியாணி. சாமித்துரையின் மனைவி ராதாமணி வைத்துக் கொடுத்த கருவாட்டுக் குழம்பு. அது எதற்குத் துணையாகப் போகிறது என்று பாவம், அவளுக்குத் தெரியாது. யாரோ வரவேண்டியிருக்கிறது என்று வெர்னரிடம் சாக்குச் சொல்லிவிட்டுச் சுபஹான் கீழேயே நின்றுகொண்டார்.

"முருகா, வயித்துப்பாட்டுக்குத்தான்" என்று முணுமுணுத்துவிட்டுச் சாமித்துரை முதல் மடக்கை விழுங்கினார். லேசான இனிப்பு, எலுமிச்சைப் புளிப்பு. பிரியாணியின் காரம் அடங்கி, நாக்கு அடுத்த வாய்க்கு ஏங்கியது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதே ஒயின் கருவாட்டுக் குழம்போடு சேர்ந்ததும் கசந்து வழிந்தது. முகத்தைச் சுளித்தார். வெர்னர் குழந்தை மாதிரிக் கைதட்டிச் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

நடுநடுவே பாட்டிலைக் காட்டுவதும், கீழே கையைக் காட்டுவதும், முதலாளியைக் கூப்பிடுங்கள் என்பதுபோல ஏதோ சொல்வதுமாக இருந்தார் வெர்னர். சாமித்துரைக்கு இங்கிலீஷ் வராது. "எஸ், எஸ்" என்று தலையாட்டிவைத்தார்.

மூன்றாவது தம்ளரில் காது சூடேறியது. தலை கிறுகிறுத்தது. இத்தனை காலம் கட்டிவைத்திருந்த பழைய பேய் அவிழ்த்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தபோது அழுகை முட்டியது. படியிறங்கும்போது கால் நிற்கவில்லை.

கீழே நின்ற சுபஹானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அலுத்துப்போச்சு அண்ணாச்சி! நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கு. செத்த உக்காரும்வேன்னு ஒருநாளாச்சும் சொல்லிருக்கியளா? ஆர்டர் வந்தாலும் நான்தான் நிக்கணும், வராட்டாலும் நான்தான் நிக்கணும். இப்ப என் சத்தியத்தயும் பறிச்சிட்டிய. என்னால முடியல அண்ணாச்சி... முடியல..."

குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தள்ளாடி வந்த புருஷனை ராதாமணி வாசலிலேயே பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சாமித்துரைக்கு.

மறுநாள் காலை ஆர்டரை உறுதி செய்துவிட்டு வெர்னர் காரில் ஏறினார். வழியனுப்ப நின்ற சுபஹானின் பக்கத்தில் போய்ச் சாமித்துரை தலைகுனிந்தார்.

"நேத்து பேசுனத மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி. நான் எங்க பேசுனேன்? உள்ள போன சரக்குல்லா பேசுச்சு!"

"அட, விடும்வே."

அதற்குள் வெர்னர் கார் ஜன்னல் வழியாகச் சுபஹானிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சுபஹான் சிரிக்க மறந்து நின்றார். கார் போனபிறகும் அப்படியேதான் நின்றார்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதாரு?"

"நான் முஸ்லிம்னு ஏஜென்ட் சொல்லிருந்தானாம். நானும் கூட உக்காந்து குடிக்கணும்னு தேடிப்பிடிச்சு வாங்கியாந்தாராம். மூணு பாட்டில்லயும் போதைய எடுத்துட்ட ஒயினாம். பச்சப்பிள்ளகூடக் குடிக்கலாமாம்."

"முருகா!" சாமித்துரையின் கை தானாகக் குவிந்தது. "அப்ப என் சத்தியம்..."

"சத்தியத்துக்கு ஒரு கொறையுமில்ல." சுபஹான் அவரது வீங்கிய காலையே பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

"அப்ப நேத்து பேசுனது யாருவே?"