பர்னபாஸுக்கு வந்த வசனம்

"இன்னா வசனம் வந்துச்சி உங்களுக்கு?"

புது வருஷ ஆராதனை முடிந்து ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே சரோஜம்மா கேட்டாள். அவள் புருஷன் பர்னபாஸ் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஆசீர்வாத வசனம்தான்."

"படிங்க, கேக்கலாம்."

"உள்ள வச்சி தியானிக்கணும். ஊருக்கே படிச்சிக் காட்டறதுக்கா குடுக்கறாங்க? உனுக்கு இன்னா வந்துச்சி?"

"எனுக்கும் ஆசீர்வாதம்தான்" என்ற சரோஜம்மா, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அதோடு விட்டாளே என்று பர்னபாஸுக்கு நிம்மதி.

வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி காலையில், சபையில் ஒரு தட்டு நிறைய வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் அவரவருக்கென்றே கொடுக்கும் வாக்கு அது. போன வருஷம், 'உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன்' என்று வந்ததை பர்னபாஸ் லேமினேட் செய்து ஹாலில் மாட்டினார். இந்த வருஷம் வந்தது, 'முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு.'

இதை எங்கே மாட்டுவது?

சகோதரன் என்று அவருக்கு இருப்பது ஒரே தம்பி, நடக்கிற தூரத்தில் பாலகாட்டு லைனில் குடியிருக்கும் இன்பராஜ். அதே சபைதான். இவர் வலப்பக்கத்து பெஞ்சு, அவன் இடப்பக்கத்து பெஞ்சு. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அப்பாவின் கல்லறைக் கல்லில் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலிலிருந்து ஒரு வசனம் வெட்ட வேண்டும் என்றார் இவர். சங்கீதப் புத்தகத்து வசனம்தான் வேண்டும் என்றான் அவன். விட்டுக்கொடுக்க ஆளில்லாமல், அப்பா ஒன்பது வருஷமாக வெறுங்கல்லின் கீழே கிடக்கிறார். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜ் என்னும் லிஃப்டை இயக்கி ஆயிரம் பேரைப் பூமிக்குள் இறக்கி ஏற்றிய பர்னபாஸ், தான் மட்டும் ஒரு படி இறங்கி வர மாட்டார்.

மற்றபடி வேதத்தில் அவர் புலி. வியாழக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டில் தீர்க்கதரிசன வகுப்பு நடக்கும். நாலு மிருகம், பத்துக் கொம்பு, ஏழு முத்திரை என்று சுவர் முழுக்கக் கலர் சார்ட். எந்தக் கொம்பு எந்த ராஜா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த வியாழன், அட்டையைப் பற்றி மூச்சு விடாமல் வசனத்தை மட்டும் கையில் எடுத்தார்.

"இதுல சகோதரன்னா, நம்ம கூடப் பொறந்தவன்னு நெனச்சிக்கக் கூடாது. தீர்க்கதரிசனப்படி பாத்தா அது வேதத்துல வர்ற ஏதோம்ங்கற தேசம்."

வழக்கமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்கும் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தன் வண்டவாளம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பர்னபாஸுக்கு வேர்த்தது.

கடைசியில், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் வாணி மெல்ல வாய் திறந்தாள். "அங்கிள், தேசம்னா சரி. ஒரே ஒரு டவுட்டு. அந்தச் சகோதரன்ல நாத்தனாரும் வருவாங்களா?"

"வகுப்பு முடிஞ்சிது. ஜெபிக்கலாம்" என்றார் பர்னபாஸ்.

அன்றிலிருந்து சார்ட்டைப் பார்த்தால் அவருக்குப் பத்துக் கொம்பும் தம்பி முகமாகத் தெரிந்தன. இதற்கிடையில் சரோஜம்மா, குழாயடிச் சண்டையில் இரண்டு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவுக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னா திடீர்னு?"

"மிஞ்சிப் போச்சி."

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. ஆராதனையில் காணிக்கைப் பை அருகே வந்தபோது, 'பின்பு வந்து காணிக்கை செலுத்து' என்று அந்த வசனம் தொடர்வது நினைவுக்கு வந்து, பர்னபாஸின் கை எழவே இல்லை. அன்று சாயந்திரம் பாலகாட்டுக்கு நடந்தார். இன்பராஜ் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"எங்கடா கெளம்பிட்ட?" ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சும்மா... ஊரிகம் பக்கமா."

"அப்பா கல்லுல உன் சங்கீதத்தையே போட்டுடலாம்டா."

"வேணாண்ணா. நீ சொன்ன வெளிப்படுத்தலே இருக்கட்டும்."

"நான்தான் சொல்றேன் இல்ல? சங்கீதம்!"

"பெரியவன் நீ. வெளிப்படுத்தல்தான்!"

மறுபடியும் சண்டை வந்துவிடும் போலிருந்தது. அதற்குள் பர்னபாஸ் அழுதுவிட்டார். தம்பியும் அழுதான். அந்தக் கல்லில் இரண்டு வசனத்துக்கும் இடம் இருப்பது இத்தனை வருஷமாக இருவருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையிலேயே பர்னபாஸ், பாஸ்டர் ஏனோக்கின் வீட்டுக்குப் போய்விட்டார்.

"வர ஞாயித்துக்கிழமை நான் சபையில எல்லார் முன்னாடியும் நடந்ததைச் சாட்சியா சொல்லணும் பாஸ்டர். நாப்பது வருஷம் தீர்க்கதரிசனம் படிச்சேன், ஒரு மண்ணும் மாறல. இந்த ஒத்தக் கார்டு என்னை மாத்திடுச்சி. தட்டுல நூத்தம்பது கார்டு இருந்துச்சே, அதுல அந்த ஒண்ணு மட்டும் கரெக்டா என் கைக்கு எப்டி வந்துச்சி? அதான் பாஸ்டர் தீர்க்கதரிசனம்!"

பாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேஜை டிராயரை இழுத்து, மிஞ்சிக் கிடந்த இருபது அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்பினார். பர்னபாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு.' இருபதிலும் அதுவேதான்.

"அச்சாபீஸ்ல தப்பாயி, நூத்தம்பதுலயும் ஒரே வசனத்தை அடிச்சிட்டாங்க. மாத்திக் குடுக்கலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள மூணாம் தேதியே ஒருத்தர் சாட்சி சொல்லணும்னு அழுதுகினு வந்து நின்னாரு" என்றார் பாஸ்டர். "நீங்க பதினேழாவது ஆளு. சாட்சி மட்டும் வேணாம்ணா, இன்னும் முக்கால்வாசி சபை பாக்கி இருக்குது."