கடன் வாங்கிய நாடி

“உடம்பு சரியில்லாதவ துணி துவைக்கிற. நல்லா இருக்கிறவர் குறட்டை விடறார். நல்ல குடித்தனம்டி” என்றாள் அக்கா.

தங்கை ஈரத் துணியைப் பிழிந்தாள். அவள் கை நடுங்கியது. கழுத்தடியில் வீக்கம். நெஞ்சுக்குள் யாரோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். தன் உடம்பே தன் தைராய்டைச் சீண்டிவிடும் நோய்.

மருந்து கேட்கிறதா என்று பார்க்க மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. படுத்து ஓய்வெடுக்கையில் அது எடுக்கும் நாடி நேரே டாக்டருக்குப் போய்விடும். நாடி அடங்காவிட்டால் கழுத்தில் ஆபரேஷன்.

அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. கத்தி வைத்து, குரல் போய்விட்டால்?

பட்டையைக் கழற்றினாள். கட்டிலில் கிடந்த கணவன் மணிக்கட்டில் மெல்லக் கட்டினாள்.

“அடிப்பாவி. இது என்னடி திருட்டுத்தனம்?”

“மெதுவா பேசுக்கா. இவர் கல்லு மாதிரி. எதுக்கும் பதற மாட்டார். போன வார லீவுக்கும் இப்படித்தான் கட்டினேன்.”

“முழிச்சுக்கிட்டா?”

“இடி விழுந்தாலும் முழிக்க மாட்டார்.”

“அதான் தெரியுதே. லீவுன்னா போதும், கட்டிலோட ஒட்டிக்கிறார்.”

துணியெல்லாம் காயப்போட்டு முடித்தபோது செல்போன் அடித்தது. டாக்டர். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடி ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

“பயப்படாம கேளுங்கம்மா. மத்த நாள்ல உங்க நாடி நல்லாவே குறைஞ்சிட்டு வருது. மருந்து கேக்குது. ஆபரேஷன் பேச்சே வேண்டாம். ஆனா போன வாரம் ஒரு மத்தியானமும், இப்பவும், துடிப்பு தப்பித் தப்பி விழுது. இதை விடக் கூடாது. உடனே கிளம்பி வாங்க.”

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“டாக்டர்... பட்டை இப்ப என் கையில இல்ல.”

அக்கா வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

“எழுந்திருங்க. உங்க நெஞ்சு...”

கணவன் கண்ணைத் திறக்கவில்லை. பட்டை கட்டிய கையால் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான்.

“கொஞ்ச நாளாவே இருக்கு. சொன்னா உன் நாடி ஏறிடுமேன்னுதான் தூங்கற மாதிரி கிடந்தேன்.”