பதினாறு மணி நேரத் தூரம்

ஸ்ட்ரெச்சர் ஓட, அதன் கம்பியைப் பிடித்தபடி மகளும் கூடவே ஓடினாள். இன்னொரு கையில் காதோடு ஒட்டிய செல்போன். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்குக் குடல் அடைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவோ, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்து என்று ஒரே பிடியாக நின்றாள்.

“எப்போ வருவான்?”

ஆம்புலன்ஸில் வரும்போதே மகள் செல்போனில் பார்த்திருந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே பதிமூன்றாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் என்றால் பதினாறு மணி நேரம். வழியில் மாறினால் ஒரு நாளே ஓடிவிடும்.

“கிளம்பிட்டான்மா. பதினாறு மணி நேரம்தான்.” சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது.

“அப்போ அதுவரைக்கும் கத்தி வேணாம்.”

லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. தலைமாட்டில் நின்று தள்ளிவந்த வார்டு பாய், பச்சைத் தொப்பியும் மாஸ்க்குமாக இருந்தவன், பாக்கெட்டில் கைவிட்டு எதையோ அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். பிறகு சக்கரம் இடுக்கில் இறங்கி அம்மாவின் வயிறு குலுங்காதபடி ஸ்ட்ரெச்சரைத் தூக்கினாற்போல் உள்ளே ஏற்றினான்.

மகள் செல்போனைப் பார்த்தாள். லைன் கட்டாகியிருந்தது. நாலு வருடமாகக் குரலில் மட்டும் பாசம் காட்டுகிறவன், இன்றைக்கு அதுவும் இல்லை.

அந்த ஆத்திரம் முழுக்க வார்டு பாய் மேல் திரும்பியது.

“ஏம்ப்பா, ஊர்வலமா போறோம்? வேகமாத் தள்ளத் தெரியாதா? என் தம்பி அங்க எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா? அவன் வந்து பார்த்தான்னா உன் வேலையே போயிடும்.”

அவன் தலையை இன்னும் குனிந்துகொண்டான். குனிந்த முகம், மல்லாந்து கிடந்த அம்மாவின் முகத்துக்கு நேர் மேலே இருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் தாளோடு காத்திருந்தாள். இன்னொரு முறை கெஞ்ச மகள் வாயைத் திறப்பதற்குள், அம்மா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மகளுக்கு நிம்மதி வரவில்லை. பொய்யை நம்பித்தானே போட்டாள் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படியே உள்ளே அனுப்ப மனம் கேட்கவில்லை.

“அம்மா, அவன் கிளம்பலம்மா. போனைக்கூட எடுக்கல. நான்தான் சும்மா சொன்னேன்.”

அம்மா கோபப்படவில்லை. கையைத் தலைக்கு மேலே நீட்டி, ஸ்ட்ரெச்சர் கம்பியில் இருந்த வார்டு பாயின் கையை இறுகப் பிடித்தாள்.

“மாஸ்க்கை எடுடா, அக்காவும் பார்க்கட்டும்.”